உக்காருங்க என்று சொல்லாதவர்

எங்கள் ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது ‘வாங்க, உக்காருங்க’தான். நாளெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததால் வந்த முழங்கால் வலியோடு நான் போன ஆர்.எஸ்.புரம் பிசியோதெரபி கிளினிக்கில், வரவேற்பில் இருந்த அம்மா மட்டும் அதைச் சொல்லவே மாட்டார். “வாங்க. கூப்பிடற வரைக்கும் அப்படியே நடந்துட்டு இருங்க” என்பார். பருத்திச் சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டிருப்பார். போன் பேசுவதும் காபி குடிப்பதும் நின்றபடியேதான்.

ஒருநாள் பெரியநாயக்கன்பாளையத்துப் பட்டறை முதலாளி ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது. வயதானவர்.

“ஏனுங்க அம்மணி, வந்தவங்கள உக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா?”

“ஊட்டுக்கு வாங்க, உக்கார வெச்சு விருந்தே போடறனுங்க. இங்க வாரவங்க முக்காவாசிப் பேரு உக்காந்து உக்காந்தே தொடையும் இடுப்பும் இறுகிப் போனவங்க. அந்த இறுக்கம் முட்டியப் போட்டு இழுக்குது. நானும் உக்காருங்கன்னு சொன்னா, அது மரியாதைங்களா?”

பெரியவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். அவர் பின்னால் நானும் நடந்தேன்.

வலி விட்டுப் பல மாதங்கள் கழித்து, ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் அந்த அம்மாவைப் பட்டுச் சேலையில் பார்த்தேன். பெண் வீட்டுக்காரராம். கைகூப்பி, “வாங்க, வாங்க, உக்காருங்க” என்றார்.

மரியாதைக்காக உட்கார்ந்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும், அதே மரியாதைக்காக எழுந்து நடந்தேன்.