ஆறு ஆமணக்கு இலைகள்

பிள்ளைகளே, வயிறு கட்டினால் ஊற்றிவிடும் விளக்கெண்ணெயைக் கண்டதும் மூக்கைப் பொத்துகிறீர்களே, அந்த ஆமணக்குச் செடிக்கு நம் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அது ஆப்பிரிக்காவில் பிறந்த செடி என்று பின்னால் எங்கோ படித்தேன். அதன் அருமை எனக்குத் தெரிந்தது ஜப்பான்காரன் நம் ஊரைப் பிடித்து ஆண்ட காலத்தில், பீடோங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில்.

உங்கள் மூத்த அக்கா பிறந்து மூன்றாம் நாள். உங்கள் அம்மாவுக்குப் பால் இறங்கவில்லை. கடைகளில் டின் பால் கண்ணில் பட்டே மாதக்கணக்காகியிருந்தது. அழுது அழுது குழந்தையின் குரல் பூனைக்குட்டிபோல் மெலிந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னார். "ஆமணக்கு இலைய அனல்ல வாட்டி, இளஞ்சூடா மாருல வச்சுக் கட்டணும் தம்பி. போ, பறிச்சிட்டு வா."

ஆமணக்கு இருந்தது, ஜப்பான்காரன் தன் எந்திரங்களுக்கு எண்ணெய் எடுக்க எங்களைப் பயிரிடச் சொன்ன காட்டில். தொட்டால் அறை விழும். விடியுமுன் குனிந்தபடியே போய், விரித்த கைபோல் இருந்த இலைகளாகப் பறித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடிவந்தேன்.

அக்கா ஒன்றை விளக்கில் பிடித்துப் பார்த்தார். அவர் சிரித்த சிரிப்பில், வரிசை வீடுகளாக இருந்த எங்கள் லயமே விழித்துக்கொண்டது.

"அடப்பாவி, இது மரவள்ளிலா! தெனமும் அந்தக் கெழங்கத்தானே திங்கிறே, அதோட இலை தெரியலையா?"

காட்டின் ஓரத்தில் நாங்களே நட்ட மரவள்ளி, அவசரத்தில் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

"விடுங்கக்கா, அவரு கொண்டாந்தது கொழம்புக்காச்சு" என்று பாயில் படுத்தபடி அம்மா சிரித்தாள். மூன்று நாளில் அதுதான் முதல் சிரிப்பு.

இனி ஒளிந்து பயனில்லை என்று, எங்களை வேலை வாங்கும் தண்டலிடமே நேராகப் போய்ச் சொன்னேன்.

"பால்மரம் வெட்டுறவன் வீட்லயே பாலு இல்லையாடா?" என்று கேலி செய்தவர், பிறகு குரலைத் தாழ்த்தினார். "செடிக்கு ஒரு இலை எடு. கொட்டையில கைய வச்சே, ஒன் கன்னத்தோட என் கன்னமும் சேந்து வீங்கும்."

ஆறு செடி, ஆறு இலை. அக்கா இருந்த சொட்டு எண்ணெயைத் தடவி, வாட்டிக் கட்டினார். கஞ்சியும் குடிக்கவைத்தார். மறுநாள் மத்தியானம் அழுகை சட்டென்று நின்றது. பதறி எட்டிப் பார்த்தேன். மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தாள் உங்கள் அக்கா.

இலையா, கஞ்சியா, அந்தச் சிரிப்பா? சொல்லும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. முட்டி வீங்கியபோதும் அதே இலையைக் கட்டியிருக்கிறேன், வலி குறைந்தது. கொட்டையை மட்டும் கடித்துவிடாதீர்கள், அது விஷம்.

குழந்தை பால் குடித்த அன்று சாயங்காலம் தனியாகக் காட்டுக்குப் போனேன். இலை கொடுத்த ஆறு செடிகளையும் தேடிப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு டின் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன்.