கேண்டீன் மூலையில் தமிழ் வகுப்பு

என் மகள் சிங்கப்பூரில், செங்காங் வட்டாரத்தில் ஒரு பள்ளியில் தமிழ் ஆசிரியை. தமிழ்ப் பிள்ளைகள் குறைவு என்று அவளுக்குத் தனி வகுப்பறை தரவில்லை. கேண்டீன் மூலையில்தான் பாடம். இந்த வருடத்தோடு வேலையை விடுவதாக இருந்தாள்.

பள்ளியின் தீபாவளிக் கொண்டாட்டத்தில் ஆசிரியைகளுக்குப் புடவை கட்டிவிட என்னை அழைத்தார்கள். என்னைப்போல் கட்டிவிட தேக்கா புடவைக் கடைகளிலேயே ஆள் கிடையாது. சீனத் தலைமையாசிரியைக்குக் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தபோது அவர் மலாயில் சொன்னார்: "உங்க மகள விடமாட்டோம். அடுத்த வருஷம் ரூம் தர்றோம்."

போன வருடமும் இதையேதான் சொன்னார்களாம். எனக்கு நம்பிக்கை வரவில்லை.

"எந்த ரூம்? காட்டுங்க."

"இப்பவா?"

"இப்பத்தான். நான் கைய விட்டா புடவை அவுந்துடும்."

"அம்மா, மானம் போகுது லா!" என்றாள் மகள்.

தலைமையாசிரியை சிரித்துவிட்டு, சாவி கொண்டுவரச் சொல்லிப் போன் செய்தார். அதன் பிறகே கொசுவத்துக்கு ஊசி குத்தினேன். அவர் திறந்து காட்டிய மாடி அறையில் உடைந்த நாற்காலிகள் குவிந்திருந்தன. அவற்றை வெளியேற்றும்வரை வாசலிலேயே நின்றேன்.

மகள் வேலையை விடவில்லை. ஆனாலும் அவள் வீடு திரும்பியதும் தினமும் கேட்கிறேன்: "இன்னைக்குப் பாடம் எங்க நடத்துன?"