முதல் கடலை

மணப்பாறை பஸ் ஸ்டாண்டில் அவித்த கடலை வாசம் வந்ததும் எனக்குப் பழைய கோபமும் வந்துவிட்டது. ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டேன்.

எங்கள் கடலைக் கொல்லையில் ஒரு கல்வட்டம் இருந்தது. ஆதிகாலத்தில் செத்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த இடம் என்பார்கள். கடலை பிடுங்கும் நாளில் அம்மா அங்கேயே அடுப்பு மூட்டி, பச்சைக்கடலையை உப்புப் போட்டு அவிப்பாள். ஆவியில் மண்வாசம் கிளம்பும். எனக்கு எச்சில் ஊறும். கை நீட்டினால் தட்டிவிடுவாள்.

"இருடி, பெரியவங்களுக்கு வச்சிட்டுத் தரேன்."

கல்வட்டத்துக்கடியில் கிடக்கும், பசியே இல்லாதவர்களுக்கு முதல் பிடி, பெற்ற பெண்ணுக்கு மிச்சம். உள்ளுக்குள் பொருமுவேன்.

அம்மாவின் அஸ்தியை ஸ்ரீரங்கத்தில் காவிரியில் கரைத்தோம். அவளுக்கென்று ஒரு கல்கூட இல்லை. அவர்களுக்கோ இப்போது கம்பிவேலி, 'பாதுகாக்கப்பட்ட இடம்' என்று நீலப் பலகை, காவலுக்கு ஆள் வேறு.

பொட்டலத்தோடு ஊருக்குப் போய் வேலியருகே நின்றேன்.

"உள்ள எதுவும் வைக்கக் கூடாதுங்கம்மா," என்றார் காவலாளி.

நல்லதாகப் போயிற்று. அந்தக் கற்களைப் பார்த்துக்கொண்டே முதல் கடலையை உரித்து நானே வாயில் போட்டுக்கொண்டேன்.

கையைத் தட்டிவிடத்தான் ஆளில்லை.