ஓரம் நழுவிய தமிழ் மெஷின்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இன்றைக்கும் அப்படித்தான்; இருபத்தோரு வயதில் கேட்கவே வேண்டாம். அந்தக் கோபத்தை அதிகம் வாங்கிக் கட்டிக்கொண்டது திண்டுக்கல்லில் ஒரு மாடியில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டின் தமிழ் மெஷின்.

அறுபதுகளின் தொடக்கம். ஆபீஸ்களில் தமிழில் கடிதம் போக ஆரம்பித்திருந்த சமயம். இங்கிலீஷ் அடிக்கத் தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள், தமிழ் அடிக்க ஆள் கிடைக்கவில்லை. நான் வடமதுரையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து ஏழு மணி வகுப்புக்கு வந்துவிடுவேன். அங்கிருந்த எட்டு மெஷின்களில் தமிழ் ஒன்றே ஒன்று. எட்டு மணிக்கு அதே மெஷினுக்குச் சின்னாளபட்டியிலிருந்து ஒருவர் வருவார். நெசவுக் குடும்பம். அவர்கள் சங்கத்துக்குக் கடிதம் அடிப்பதற்காகப் பழகிக்கொண்டிருந்தார்.

ஆயுத பூஜை முடிந்த வாரம் எனக்கு ஒரு கார்டு வந்தது. திண்டுக்கல்லிலேயே ஒரு சர்க்கார் ஆபீஸில் தமிழ் டைப்பிஸ்ட் வேலை, அடுத்த புதன்கிழமை சோதனை. மெஷினைக் கையோடு கொண்டுவர வேண்டும். அந்த வேலை எனக்கு வேண்டும் என்று சாமியிடம்கூடக் கேட்கவில்லை, உத்தரவாகவே சொன்னேன். வெண்டைக்காய் பறித்துப் பறித்து அரித்துப்போன விரல்களுக்கு அந்த எழுத்துக் கட்டைகள் அவ்வளவு பிடித்திருந்தன.

கார்டு வந்த மறுநாளே மெஷின் சண்டித்தனம் செய்தது. கடிதத்தின் இடது ஓரம் நேராக இருக்க வேண்டும். மெஷினின் அளவுகோலில் பத்தில் வைத்தால் எல்லா வரியும் பத்தில் தொடங்க வேண்டும். எனக்கு முதல் வரி பத்தில், மூன்றாவது வரி ஒன்பதில், பக்கம் முடிவதற்குள் ஆறில். காகிதத்தை மாற்றினேன். மேசைக் காலுக்கு அட்டை கொடுத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

இன்ஸ்டிடியூட்டை நடத்திய அக்காவைக் கூப்பிட்டேன். அவள் உட்கார்ந்து பத்து வரி அடித்தாள். பத்தும் நூல் பிடித்ததுபோல் நின்றன.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஒன் கைதான் சரியில்ல."

"என் கை என்னக்கா பண்ணுச்சு?"

"அதை நீதான் சொல்லணும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கையில் குறை இல்லை என்றால் எட்டு மணிக்காரர்தான் எதையோ குடைந்து வைத்திருக்க வேண்டும். ஒரு காகிதத்தில், 'மெஷினைக் குடைய வேண்டாம். இது தறி இல்லை' என்று அடித்து அதிலேயே செருகிவிட்டுப் போனேன். மறுநாள் காலை பதில் செருகியிருந்தது: 'நான் தொடவில்லை. எனக்கும் ஓரம் ஓடுகிறது. தறி ஓடினால் சேலையாவது மிஞ்சும்.' அந்த இரண்டு வரியும்கூட ஒரே இடத்தில் தொடங்கவில்லை. கோபத்துக்கு நடுவில் சிரிப்பு வந்து தொலைத்தது.

செவ்வாய்க்கிழமை எட்டு மணிக்கும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன். விடிந்தால் சோதனை. அவர் வந்தார்.

"ஏம்மா, நீங்க அடிங்க, நான் செத்த நேரம் பாக்குறேன்."

நான் அடித்தேன். வரி முடிந்ததும் மெஷினின் மேல்பகுதியை வலப்பக்கம் தள்ளி அடுத்த வரிக்குக் கொண்டுவர வேண்டும். நான் தள்ளியதில் மேசையே ஆடியது.

"ஆத்தாடி! இம்புட்டு வேகமா? நானும் இப்படித்தான் அடிப்பேன். அக்கா எப்படித் தள்ளுவாங்க?"

அக்கா பூப் பறிப்பதுபோல் தள்ளுவாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. மெதுவாகத் தள்ளிப் பார்த்தேன். ஓரம் நின்றது. ஓங்கித் தள்ளினேன். நழுவியது.

அவர் மெஷினைத் திருப்பினார். முதுகுப் பக்கம் பல் வைத்த ஒரு கம்பி. அதன் பல்லில் மாட்டுகிற சிறு கட்டைதான் வரி எங்கே தொடங்குவது என்று நிறுத்துகிறது. என் கொண்டை ஊசியை வாங்கிப் பல்லிடுக்கில் சுரண்டினார். மஞ்சளாகப் பொடி கொட்டியது. முகர்ந்து பார்த்தார்.

"சந்தனம்! கட்டை பல்லுல எறங்காம மேலாப்புல நிக்குது. ஓங்கித் தள்ளுனா வழுக்காம என்ன செய்யும்? எந்தப் புண்ணியவான் இங்க கொண்டாந்து அப்புனது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

மற்ற ஏழு மெஷின்களுக்கும் பூஜையன்று நெற்றியில் ஒரு பொட்டு வைத்ததோடு சரி. தமிழ் மெஷினுக்குப் பொட்டு வைத்தவள் நான். எங்கள் வீட்டில் மாட்டுக்குக் கொம்பிலிருந்து வால்வரை வைப்போம், கிணற்றில் தண்ணீர் இறைக்கிற கமலைக்கு உருள்கிற இடத்திலெல்லாம் வைப்போம். என் மெஷினுக்கு மட்டும் ஒற்றைப் பொட்டா என்று, அசைகிற பாகம் எல்லாவற்றிலும் கெட்டியாக அப்பிவிட்டிருந்தேன்.

"நாந்தாண்ணே," என்றேன். அசடு வழிந்தது. "ஒங்களப் போயி திட்டிப்புட்டேன்."

"திட்டுனதுகூடப் பரவால்ல. தறியச் சொன்னீக பாருங்க!" என்று அவர் சிரித்த சிரிப்பில் மற்ற மெஷின்களின் சத்தமே நின்றுபோனது. அவர் வகுப்பு நேரம் முழுவதையும் பல் பல்லாகச் சுத்தம் செய்வதிலேயே கழித்தார்.

புதன்கிழமை குதிரை வண்டியில் சாக்கு விரித்து, அக்காவின் தலையணை வைத்து, அதன்மேல் மெஷினை உட்காரவைத்துக் கொண்டுபோனோம். வழி நெடுக அக்கா, "மெதுவாத் தள்ளுடி, மெதுவாத் தள்ளு," என்று மந்திரம்போல் ஓதினாள். சரி சரி என்று தலையாட்டினேன்.

ஆபீஸர் ஒரு கடிதத்தைக் கொடுத்தார். நாலு வரிக்குமேல் எனக்கு வேகம் பிடித்துவிட்டது. மெதுவாவது ஒன்றாவது! ஒவ்வொரு வரிக்கும் டமார் டமார் என்று தள்ளினேன். வாசலில் நின்ற அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். அடித்து முடித்தபிறகுதான் எனக்கே நினைவு வந்தது. காகிதத்தை உருவிக் கொடுக்கும்போது ஓரத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஆபீஸர் அடிக்கோலை எடுத்து இடது ஓரத்தில் வைத்தார். மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அடிக்கோலைக் கீழே வைத்தார்.

"சத்தம்தான் பலமா இருக்கு. ஓரம் சுத்தமா இருக்கு. நாளையிலேர்ந்து வரமுடியுமாம்மா?"

"நாளைக்கு எதுக்கு சார்? மெஷின் இங்கதான இருக்கு. வண்டியப் போகச் சொல்லிறவா?"

ஆபீஸர் வாய்விட்டுச் சிரித்தார். வாசலிலிருந்து அக்கா பதறிக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள்.

"ஏய், அது எம் மெஷினுடி!"