மயில் கொடுத்த இரண்டு புள்ளிகள்

பிள்ளைகளே, உங்கள் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு முந்தானை மட்டும் மடித்து வைத்திருக்கிறதே, அந்தப் புடவையின் மிச்சம் எங்கே என்று நீங்கள் மாறி மாறிக் கேட்டுவிட்டீர்கள். எலி கடித்துவிட்டது என்று அம்மா ஒரு தடவை சொன்னாள். எலி கடிக்கவில்லை. நான்தான் வெட்டினேன். அடுத்த மாதம் பெரியவள் அந்த முந்தானையைப் புதுப்பட்டில் சேர்த்துத் தைத்து உடுத்திக்கொண்டு மணையில் உட்காரப் போகிறாள். அதற்குள் நடந்ததை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு மூன்றாம் வகுப்புப் படிப்புதான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் எங்காவது புள்ளி விட்டிருந்தால் கட்டாயம் வைத்துவிடுங்கள். ஏன் என்று போகப்போகத் தெரியும்.

பெரியவளுக்கு அப்போது நான்கு வயது. நீங்கள் மற்றவர்கள் பிறக்கவில்லை. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே வரிசை வீட்டில் இருந்தோம். அவளுக்குக் குளிர்காய்ச்சல் வந்து, விட்டு விட்டு அடித்தது. ஒருநாள் என் விரலைக் கொடுத்தால் பிடிக்கக்கூட அவளுக்குத் தெம்பில்லை. அன்றைக்கு வேண்டிக்கொண்டேன்: பிள்ளை எழுந்துவிட்டால், வருகிற தைப்பூசத்துக்கு என் கையாலேயே ஒரு கொடிச்சீலை தைத்துப் பத்துமலைக்குத் தூக்கி வருகிறேன். கடையில் வாங்கியதாக இருக்காது, மெஷினில் ஓட்டியதாகவும் இருக்காது.

நான்கு நாள் கழித்து எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். கஞ்சிக்குக் கருவாடும் கேட்டாள்.

நல்ல பட்டுக்கு எங்கே போவது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், அம்மா பெட்டியைத் திறந்து தன் கூறைப்புடவையை எடுத்து வைத்தாள். கிள்ளானில் எங்கள் கல்யாணத்துக்கு எடுத்தது. அரக்குச் சிவப்பு, இரண்டு பக்கமும் சரிகைக் கரை.

“இத வெட்டிக்குங்க.”

“கூறையையா? என்ன பேச்சு பேசுற?”

“புள்ளைய விடவா? ஆனா முந்தானைய மட்டும் தொடக்கூடாது. அது இவளுக்கு. இவ மணையில உக்கார்ற வரைக்கும் நல்லா இருப்பான்னு எனக்கு கையில பிடிச்சுக்க ஒண்ணு வேணும்.”

முந்தானையைத் தொடமாட்டேன் என்று பிள்ளையின் தலையில் கைவைத்துச் சொன்னேன்.

ரயில் பட்டறையில் என் வேலை உங்களுக்குத் தெரியும். வண்டி இருக்கைகளுக்குத் தோல் தைப்பது, சரக்கு வண்டியை மூடுகிற கித்தானைத் தைப்பது. கித்தானில் எழுத்துப் பதிக்க அங்கே ஒரு வழி வைத்திருந்தோம். தடித்த தாளில் எழுத்தை வரைந்து, கோடு நெடுக ஊசியால் துளை போடுவோம். தாளைக் கித்தான்மேல் விரித்து, சுண்ணாம்புப் பொடி கட்டிய துணிமுடிச்சால் தட்டினால், பொடி துளை வழியே இறங்கும். தாளை எடுத்தால் கித்தானில் எழுத்து பொட்டுப் பொட்டாக நிற்கும். அதைப் பார்த்துத் தைக்க வேண்டியதுதான். பத்து வருஷமாக இங்கிலீஷ் பெரிய எழுத்துகளை அப்படிப் பதித்துப் பதித்து என் கை பழகியிருந்தது.

அதே வழியில் இறங்கினேன். பட்டைத் தவறாக வெட்டினால் இன்னொரு பட்டு கிடையாது. அதனால் எல்லாவற்றையும் முதலில் தாளில் செய்து பார்ப்பது என்று முடிவுசெய்தேன். மூலையிலிருந்த சீனர் கடையில் சாமான் கட்டும் பழுப்புத் தாளாக வாங்கினேன். தினமும் போய் நின்றதால் கடை முதலாளி தவுக்கே கேட்டேவிட்டார்: “மறுபடி கெர்த்தாஸா? அரிசி வாங்காம வீட்டுல காகிதமா சாப்பிடுது?”

ஒரு மயிலைத்தான் வரைந்தேன். துளை போட்ட தாளைத் திருப்பிப் போட்டுத் தட்டினால் எதிர்த்திசை பார்க்கும் மயில் கிடைத்துவிடும். நடுவில் வேல் வேல் என்று எழுத்து, இரு பக்கமும் எழுத்தைப் பார்த்தபடி மயில். ஒரு மயிலுக்கு ஏழு தோகை. தோகையைத் தாளிலேயே நூல் கோத்துத் தைத்துப் பார்த்தேன். தையல்கள் நெருங்கினால் தாள் கிழிந்துவிடும். துணியாக இருந்தால் அவசரக்காரனைப் பொறுத்துக்கொள்ளும். தாள் பொறுக்காது. அரிசி நீளம் இடம்விட்டுத் தைக்க என் கைக்கு வந்தது தாளில்தான். எத்தனை தோகையைக் கிழித்தேனோ, அம்மா அவற்றை வைத்தே ஒரு வாரம் அடுப்பு பற்ற வைத்தாள்.

தோகைக் கண்ணுக்கு வேறு வழி. தடித்த தாளில் வட்டம் வெட்டி, அதன்மேல் சரிகைத் துண்டைப் போர்த்தி, ஓரத்தில் நூல் ஓட்டிச் சுருக்கிட்டு இழுத்தால் துணி தாளைக் கவ்விக்கொள்ளும். செம்பில் கங்கு போட்டு, அதன் சூடான அடியால் துணியை அழுத்தித் தேய்த்து, பிறகு தாளை உருவிவிட்டால் மடிப்புக் கலையாத வட்டம் கையில் நிற்கும். அப்படிப் பதினான்கு கண். எழுத்தையும் சரிகையில்தான் வெட்டினேன். கரை முழுவதும் அதிலேயே தீர்ந்தது. ஆனால் எனக்குக் கவலையில்லை. எல்லாம் அளந்து வைத்த வேலை.

தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை காலை, சீலையைக் குழாயடிக் கொடியில் விரித்துப் போட்டேன். வரிசை வீட்டு ஜனமெல்லாம் கூடிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர், எஞ்சினில் கரி அள்ளிப் போடுகிறவர், கையில் வாளியோடு நின்று உரக்கப் படித்தார்.

“வே...ல. வே...ல. அண்ணே, என்னாண்ணே இது? வேல வேலன்னு எழுதியிருக்கு!”

எனக்கு முதலில் விளங்கவில்லை. “வேல் வேல்தான்பா.”

“எங்க இருக்கு வேலு? தலையில புள்ளி எங்க? வருசம் பூரா வேல வேலன்னு சாகுறோம். ஒரு நாள் லீவு குடுத்தா, அங்கயும் போயி முருகன்கிட்ட வேல வேலன்னு கத்தவா?”

“முருகன் மண்டோரு ஆயிட்டாருடி! காலையில வேலைக்கு பேரு கூப்பிடுவாரு பாரு!” என்றாள் துணி துவைத்துக்கொண்டிருந்த ஒருத்தி. குழாயடியே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் ஞாபகம். உள்ளே வந்து சீலையை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.

தாளை எடுத்துப் பார்த்தேன். புள்ளி இருந்தது. எழுதும்போது மறக்காமல் வைத்திருக்கிறேன். ஆனால் எழுத்தின் கோடு முழுக்க நூறு துளை. அதன் தலைக்கு மேலே புள்ளிக்கு ஒரே ஒரு துளை. பொடி தட்டியபோது பட்டில் அது ஒற்றைத் தூசியாக விழுந்திருக்கும். சிந்திய பொடி என்று நானே ஊதித் தள்ளியிருப்பேன். பட்டறையில் பத்து வருஷமாக அப்படித்தான் ஊதிப் பழக்கம். இங்கிலீஷ் பெரிய எழுத்தில் எதன் தலையிலும் புள்ளி கிடையாதே.

இரண்டு புள்ளி வேண்டும். சரிகை இல்லை. வெட்டிய துணுக்குகளைக் கொட்டித் தேடினேன். விரல் நகம் அகலத்துக்குக்கூட ஒன்றும் தேறவில்லை.

அம்மா பெட்டியைத் திறந்து முந்தானையை வெளியே எடுத்தாள்.

“ரெண்டு பொட்டு அளவுதானே? ஓரத்துல எடுத்துக்குங்க. நான்தானே சொல்றேன்.”

“வேணாம், உள்ள வை.”

“என்னாங்க, சீலை சாமிக்கு. இப்படியா கொண்டு போவீங்க?”

“இப்படிக் கொண்டு போகமாட்டேன். முந்தானையிலயும் கைவைக்கமாட்டேன். புள்ள தலையில அடிச்சு சொல்லியிருக்கேன்.”

“மஞ்ச நூலால குத்தி வச்சிடுங்களேன்.”

“எழுத்து சரிகை, புள்ளி நூலா? வேலுக்கு ஒட்டுப் போட்டமாதிரி இருக்கும்.”

அவள் கோபத்தோடு பெட்டியை மூடினாள். மூடின சத்தத்தில் பிள்ளை எழுந்து வந்து சீலைமேல் உட்கார்ந்தது. வேண்டாம் என்று சொல்வதற்குள், மயில் தோகையின் கண்களை விரலால் தொட்டுத் தொட்டு எண்ண ஆரம்பித்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு, ஆறு. அவளுக்கு நாலும் அஞ்சும் அப்போது வராது. ஆறோடு நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டாள்.

நான் அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டம். சரிகை. புள்ளிக்கு வேண்டியது அவ்வளவுதானே.

இரண்டு மயிலிலும் கடைசித் தோகையைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றில் மட்டும் எடுத்தால் கோணலாகத் தெரியும். பிளேடு நுனியால் ஒவ்வொரு தையலாக அறுத்தேன். சரிகை பிசிறக்கூடாது, அடியிலிருக்கும் பட்டும் கிழியக்கூடாது. ஒரு கண்ணை எடுக்கவே மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. அம்மா சோறு வைத்துக் கூப்பிட்டாள். வருகிறேன் என்றேன், போகவில்லை. இரண்டாவது கண் வந்தபின் பார்த்தால், எடுத்த இடத்தில் ஊசித் துளைகள் வளையமாக நின்றன. அதற்குள் அம்மாவின் கோபம் தணிந்திருந்தது. விரலைத் தண்ணீரில் தொட்டு, நகத்தால் அந்தத் துளைகளைக் குறுக்கும் நெடுக்கும் வருடி, பட்டின் இழைகளை நெருக்கி விட்டாள். பாதி மறைந்தது. பாதி மறையவில்லை.

வட்டங்களை மறுபடி தாள்மேல் போர்த்திச் சுருக்கி, கங்குச் செம்பால் தேய்த்து, ‘ல’வின் தலையில் ஒவ்வொன்றாக வைத்துத் தைத்தேன். கண்ணுக்கு வெட்டிய வட்டமானதால் புள்ளி எழுத்துக்கு மிஞ்சியே இருந்தது. அதைச் சிறிதாக்கலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஊதினால் போகாத புள்ளியாகவே இருக்கட்டும்.

தைப்பூசத்தன்று ரயிலில் பத்துமலைக்குப் போனோம். இறங்கியதும் இரண்டு மூங்கிலில் சீலையைக் கட்டினேன். ஒரு பக்கம் நான் பிடித்தேன். மறுபக்கம் பிடிக்க, நான் கூப்பிடாமலே அந்தக் கரி அள்ளுகிறவர் வந்தார்.

“இப்ப சரிண்ணே. இந்தப் புள்ளி மலை உச்சியில இருந்து பாத்தாகூட தெரியும்.”

“தெரியணும்னுதான் வச்சேன்.”

“மயிலுக்கு ஆளுக்கு ஒரு கண்ணு கொறையுதே?”

“அதுங்க குடுத்துச்சு.”

அவர் தன் பக்கத்து மூங்கிலை உயர்த்திப் பிடித்தார். எங்களுக்குப் பின்னால் காவடிகள் வந்தன. வேல் வேல் என்ற சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. படியேறும்போது அம்மா பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தாள். பாதிப் படியில் பிள்ளை இறங்கித் தானே நடந்தது. சீலையை அங்கேயே காணிக்கையாகக் கொடுத்துவிட்டு இறங்கினோம். முந்தானை பெட்டியில் இருந்தது.

அதற்கு அடுத்த ஞாயிறு அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்குத் தன் வீட்டாரைப் பார்க்கப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும். துளை போட்ட அந்தப் பழுப்புத் தாளை எடுத்துத் தரையில் விரித்தேன். இரண்டு புள்ளிகளின் இடத்தைக் கண்டுபிடித்து, ஒற்றைத் துளையைச் சுற்றி ஊசியால் வட்டமாகத் துளை போட்டேன், ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வேல் வேல் என்று ஒரு தடவை படித்தேன். பிறகு மடித்து, பெட்டியில் முந்தானைக்கு அடியில் வைத்தேன்.