காரம் போகாத அம்மி

கன்னியம்மா அக்கா போய்விட்டார் என்று யார்டு செக்யூரிட்டி போன் செய்தபோது நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "நேத்துகூட என்னைத் திட்டிச்சும்மா" என்று அந்த மனிதர் தேம்பினார். அவரைத் திட்டாமல் அக்காவுக்கு ஒருநாளும் பொழுது விடிந்ததில்லை. இதைப் படிக்கிற உங்களில் பாதிப்பேருக்கு அந்தத் திட்டில் பங்கு உண்டு. மீதிப்பேர் அவர் கையால் சாப்பிடக் கொடுத்துவைக்காதவர்கள்.

திருவொற்றியூரில் எங்கள் கன்டெய்னர் யார்டின் கேன்டீன் அவருடையது. நான் அங்கே பில் போடுகிறவள். மேனேஜர் ஆசையாக ஒரு மிக்ஸி வாங்கிக் கொடுத்தார். அக்கா அதற்கு உறை தைத்துப் போட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் பூச்சாடியை வைத்துவிட்டு, பழையபடி அம்மிக்கே திரும்பிவிட்டார். கேட்டதற்கு, "மிக்ஸி நறுக்கும் நைனா. அம்மிதான் அரைக்கும்" என்றார். அன்று மீன் குழம்பை மூன்று முறை வாங்கி ஊற்றிக்கொண்டவர் மேனேஜர்தான்.

அம்மி என்ற சொல்லை அவர் கல்லோடு விட்டுவைக்கவில்லை. கேட்டில் லாரியை நிறுத்திக்கொண்டு போன் பேசும் டிரைவருக்கு, "இன்னா, அம்மி மாதிரி குந்திகினுகீறே? நவுரு!" என்று வசவு. அதே சொல் எனக்கு வாழ்த்தாக வந்தது. நானும் லாரிகளை அனுப்பும் பிரிவில் இருந்த செல்வமும் கல்யாணம் செய்துகொள்வதென்று முடிவெடுத்து, இரண்டு வீட்டிலும் ரகளை நடந்துகொண்டிருந்த நேரம். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று அழுதேன். அக்கா என் முகத்தைத் துடைத்துவிட்டு, "அழுவாதமே. அம்மி மாதிரி குந்திக்கோ. எவன் தூக்கினு போறான்னு பாக்கலாம்" என்றார். நானும் குந்திக்கொண்டேன். என் வீடு ஒருவழியாக இறங்கி வந்தது.

செல்வத்தின் அம்மா இறங்கவில்லை. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம், ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம். எங்கள் வியாசர்பாடி வீட்டில் பெண் எடுக்க அவருக்கு மனமில்லை. மகன் கெஞ்சியதற்காகக் கல்யாணத்துக்கு வந்தார். "மேடை ஏற மாட்டேன்" என்று ஊரறியச் சொல்லிவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தாலி கட்டும்போதுகூட செல்வத்தின் கண் அந்த வரிசைக்குப் போய்ப் போய் வந்தது. அம்மாவின் ஆசீர்வாதம் இல்லாமல் அவன் என்னோடு எப்படிச் சிரித்து வாழ்வான்?

அதற்குள் இன்னொரு கூத்து. அம்மி மிதிக்க வேண்டும், மண்டபத்தில் அம்மி இல்லை. வாடகைக்குச் சாமான் கொடுக்கும் கடைப்பையன் ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வந்திருந்தான். ஐயர் அதன் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, "பொண்ணை இதுக்குள்ள இறக்கணுமா?" என்றார். நான் அக்காவுக்குப் போன் போட்டேன். மதியச் சமையலை முடித்துவிட்டு வருவதாக இருந்தவர், அப்படியே மீன்பாடி வண்டியில் அம்மியோடு வந்து இறங்கினார். அரைத்துக்கொண்டிருந்த மசாலாவை வழித்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, கல்லைத் தூக்கிவிட்டாராம். அவ்வளவுதான் கழுவியது.

செல்வம் என் காலைப் பிடித்து அம்மியில் வைத்து மெட்டி போட்டான். கை முழுக்க மிளகாய். ஓமப்புகைக்குக் கண்ணைக் கசக்கினான். பிறகு அவன் அழுத அழுகை இருக்கிறதே, தாரை தாரையாக! நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டார். எனக்கு விஷயம் புரிந்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை. அக்கா என் இடுப்பில் ஒரு கிள்ளு வைத்து, "சிரிச்சே, தொலைச்சிடுவேன். பின்னால பாரு" என்றார்.

கடைசி வரிசையிலிருந்து அவன் அம்மா வந்துகொண்டிருந்தார். நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடை ஏறி, முந்தானையால் மகன் முகத்தைத் துடைத்து, அதே முந்தானையால் தன் கண்ணையும் துடைத்துக்கொண்டார். அப்புறம் அம்மாவும் மகனும் சேர்ந்து அழுதார்கள். அந்த அழுகையோடு அழுகையாக என் தலையிலும் அவர் கை விழுந்தது.

இந்த ரகசியத்தை நாங்கள் மூவரும் கட்டிக்காத்தோம். "உன் மாமியாக்காரிகிட்ட மூச்சு வுடாதே. கண்ணாலத்தை வாபஸ் வாங்கிடப் போவுது" என்று பார்க்கும்போதெல்லாம் அக்கா என்னை மிரட்டுவார்.

அக்காவின் சாவுக்கு நானும் வருவேன் என்று மாமியார் பிடிவாதமாகக் கிளம்பினார். எண்ணூரில் அக்கா வீட்டு வாசலில் யார்டு ஆட்கள் ஒருவர் விடாமல் நின்றார்கள். திரும்பும்போது ஆட்டோவில் மாமியார் திடீரென்று சொன்னார்:

"அந்த அம்மியில மொளகா இருந்துச்சு. எனக்கு அப்பமே தெரியும்ளா."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "எப்படி அத்தை?"

"பலசரக்குக் கடைக்காரி நான். எனக்கு மூக்கு இல்லையாக்கும்? பந்தக்கால் வரைக்கும் நெடி வந்துச்சு."

"அப்புறம் ஏன் மேடைக்கு வந்தீங்க?"

"காலையில இருந்தே ஏறணும்னுதான் இருந்துச்சு. ஏற மாட்டேன்னு எல்லார்கிட்டயும் சொல்லித் தொலைச்சிட்டம்லா, எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு ஏற? பிள்ள அழுதான், ஒரு சாக்குக் கெடச்சுது. இல்லைன்னா இன்னைக்கு வரைக்கும் அந்த நாக்காலியிலேயே இருந்திருப்பேன்."

அக்காவின் அம்மி மாத்தூரில் மகள் வீட்டுக்குப் போகிறது. போகட்டும். அக்காவால் எனக்குக் கிடைத்தவர், ஆட்டோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "இப்ப அழுவுறது நெசமா அழுவுறதுளா" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு வந்தார்.