எட்டு நாற்பத்தொன்றுக்கு வரும் நெட்வொர்க்

அஜோவா தக்யிவா திங்கட்கிழமை பிறந்தவள். கானா நாட்டுச் சுன்யானியில் பெயரைக் கேட்டாலே பிறந்த கிழமை தெரிந்துவிடும். விதைச் சான்று வாரியத்தில் நெட்வொர்க் டெக்னீஷியனாக ஒப்பந்தத்தில் சேர்ந்த பிறகு அவள் வாங்கிய மூன்று மெமோவும் திங்கட்கிழமை வந்தவைதான்.

திங்கள் காலை எட்டு மணி ஆனதும் தரைத்தளக் கவுண்டர்களில் கம்ப்யூட்டர்கள் அத்தனையும் செத்துப்போகும். சான்றுக்கு வந்த விவசாயிகள் பெஞ்சில் உட்கார்ந்து கொட்டாவி விடுவார்கள். அஜோவா கம்பங்கஞ்சியைப் பாதியில் வைத்துவிட்டுக் கவுண்டர் கவுண்டராக ஓடி வயரை உருவி உருவி மாட்டுவாள். எட்டே முக்காலுக்குள் எல்லாம் தானாக உயிர்த்தெழும். அதே நேரம் மாடி ஹாலில் ஊழியர் பிரார்த்தனை முடிந்து எல்லாரும் முகம் மலர இறங்கி வருவார்கள். நிர்வாக அதிகாரி, சபையில் மூப்பராகவும் இருக்கும் எல்டர் அம்போன்சா, நெட்வொர்க் போனதற்கும் அவள் பிரார்த்தனைக்கு வராததற்கும் சேர்த்து மெமோ எழுதுவார். மனிதர் சிக்கனமானவர், இரண்டு குற்றத்துக்கும் ஒரே தாள். மூன்றாவதை நீட்டும்போது சொன்னார்:

"தங்கச்சி, உன் பெட்டிக்காக நாங்க முழங்கால் போட்டு ஜெபிக்கிறோம். நீ அந்தப் பக்கமே எட்டிப் பாக்குறதில்ல. மாசக் கடைசி வரைக்கும் பாக்குறேன். நாலாவது மெமோ வந்தா ஒப்பந்தம் அவ்வளவுதான்."

அவர் சொன்ன பெட்டி, மாடி ஹாலில் மேடைத் திரைக்குப் பின்னால் இருந்த ஸ்விட்ச். விளக்குப் போடும் ஸ்விட்ச் அல்ல, கட்டடத்துக் கம்ப்யூட்டர் வயர்கள் எல்லாம் வந்து கூடும் பெட்டி. அதற்கு ஒரு பேட்டரி கேட்டு அவள் எழுதிய விண்ணப்பம் கொள்முதல் பிரிவில் இரண்டு வருடமாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. அதனால் செலவில்லாத வேலையைச் செய்தாள். தொலைக் கண்காணிப்புக்கான வசதியை ஸ்விட்சில் திறந்து, கடவுச்சொல் வைத்து, தன் மேஜைக் கம்ப்யூட்டர் நிமிடத்துக்கு ஒருமுறை அதை நலம் விசாரிக்கும்படி அமைத்தாள். பதில் வராவிட்டால் அவள் போனுக்குச் செய்தி வரும். பெட்டி செத்தால் அதன் வழியே சாவுச் செய்தி வராதே என்று, தன் சொந்த சிம் போட்ட இன்டர்நெட் டாங்கிள் ஒன்றையும் மேஜைக் கம்ப்யூட்டரில் செருகினாள்.

மூன்று திங்கள் பார்த்தாள். எட்டு இரண்டுக்குப் பதில் நின்றது. எட்டு நாற்பத்தொன்றுக்கு வந்தது. வந்ததும் பெட்டி, தான் இப்போதுதான் கண் விழித்ததாகச் சொன்னது. லைன் கோளாறு என்றால் அது விழித்தபடியேதான் இருந்திருக்கும். அதற்குக் கரண்டே போயிருக்கிறது, கட்டடம் முழுக்க விளக்கு எரியும்போது.

நான்காவது திங்கள் எட்டு மணிக்கே போய்த் திரைக்குப் பின்னால் நின்றாள். கீபோர்டு வாசிக்கும் போக்குவரத்துப் பிரிவு பாஃபோ வந்தான். ஸ்விட்சின் பிளக்கைப் பூப்பறிப்பதுபோலப் பிடுங்கி, ஆம்ப்ளிஃபயரின் பிளக்கை அந்த இடத்தில் மாட்டினான். அவள் போன் சிணுங்கியது. மேடையில் எல்டர், அந்தக் கரண்டிலேயே, நெட்வொர்க்கைக் கட்டிவைத்திருக்கும் தீய சக்தியை உடைத்தருளும்படி ஆண்டவரிடம் மன்றாட ஆரம்பித்தார்.

ஆமென் சொல்லி முடித்ததும் சாட்சி சொல்லும் நேரம். மூன்று திங்களின் நேரங்களையும் அச்செடுத்த தாளோடு அஜோவா மேடையேறினாள். பாஃபோ பிளக்கை மாற்றிவிட்டதால் மைக் வேலை செய்யவில்லை. தொண்டையைத் திறந்துதான் சொல்ல வேண்டியிருந்தது.

"மூணு திங்களா எட்டு ரெண்டுக்குப் போகுது, எட்டு நாப்பத்தொண்ணுக்கு வருது. இன்னிக்கும் அதேதான். பாஃபோ அண்ணன் ஆம்ப்ளிஃபயர் மாட்டுறதுக்காக பிளக்கைப் பிடுங்குறார். ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டா தீந்துச்சு."

எல்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை இரண்டு முறை படித்தார். "பாஃபோ, ஆமென் எத்தன மணிக்குச் சொன்னோம்?"

"எட்டு நாப்பதுக்கு, எல்டர்."

"நெட்வொர்க் வந்தது எட்டு நாப்பத்தொண்ணுக்கு. எழுத்துலயே இருக்கு. ஒரு வாரம் தப்பல."

ஹால் கைதட்டியது.

"எல்டர், பிளக்கு..."

"பிடுங்கினது பாஃபோ. திரும்ப மாட்ட வச்சது யாரு?"

"அதுவும் பாஃபோ அண்ணன்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். எல்டரும் சிரித்தார். பிறகு அவள் தலையில் கை வைத்து, மூன்று மெமோவும் ரத்து, ஜெபத்துக்குச் சாட்சி சொன்ன இந்தப் பிள்ளையை நிரந்தரமாக்கச் சொல்லி எழுதப்போகிறேன் என்றார். "ஆனா அந்த பிளக் பக்கம் யாரும் கை வைக்கக் கூடாது. நல்லா நடக்குறத கெடுத்துராத, தங்கச்சி."

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அவள் பையிலேயே இருந்தது, முந்தின நாள் சந்தையில் வாங்கியது. அதை எடுக்க அவள் கை போகவில்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. வேலை தப்பியதே என்று நிம்மதியாகவும் இருந்தது. வீட்டுக்குப் போய் பாக்ஸை டிவிக்கு மாட்டினாள்.

நிரந்தர உத்தரவு வந்தது. அவள் அச்செடுத்த தாள் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹால் சுவரில் ஏறியது. கண்காணிப்பு மென்பொருளில் 'திட்டமிட்ட பராமரிப்பு' என்று ஒரு பகுதி உண்டு. அதில் நேரம் குறித்துவிட்டால், அந்த நேரத்தில் பெட்டி செத்தாலும் போனுக்குச் செய்தி வராது. அஜோவா குறித்தாள்: ஒவ்வொரு திங்களும், எட்டு முதல் எட்டே முக்கால் வரை. காரணம் கேட்ட கட்டத்தில் 'பிரார்த்தனை' என்று அடித்தாள்.

அடுத்த திங்கள் அவள் பிரார்த்தனைக்குப் போகவில்லை. இப்போது யாரும் கேட்கவும் இல்லை. கம்பங்கஞ்சியை முழுசாகக் குடித்துக்கொண்டிருந்தபோது பெஞ்சிலிருந்து மக்காச்சோள விவசாயி ஒருவர் எழுந்து வந்தார். விடியலிலேயே டிரோட்ரோ வேன் ஏறி வந்தவர்.

"எப்பம்மா வரும் இது?"

அஜோவா தலையை நிமிர்த்தி மாடிச் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டாள்.

"இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு, ஐயா. உக்காருங்க."